நடுக்கடலில் நின்ற மாப்பிள்ளை

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். இன்றைக்கு என்னிடம் நான்கு அறுவடை இயந்திரங்கள் இருக்கின்றன. குறுவை முற்றினால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் என் வண்டிக்காகத்தான் காத்துக் கிடப்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளலாம். நான்கிலும் ஜிபிஎஸ் மாட்டியிருக்கிறேன். வீட்டில் சாய்ந்துகொண்டே செல்போனில் பார்ப்பேன். புள்ளி நகர்ந்தால் வண்டி அறுக்கிறது. நின்றால் டிரைவர் டீக்கடையில் இருக்கிறான், அல்லது வண்டி சேற்றில் இறங்கிவிட்டது. என் கண்ணுக்குத் தப்பி ஒன்றும் நடக்காது.

என் மகன் சார்ஜாவில் வேலை பார்க்கிறான். அவனுக்குத் திருவிடைமருதூரில் பெண் பார்த்தேன். தரகர் கொண்டுவந்த ஜாதகக் கட்டில் இதுதான் என்று விரல் வைத்தவன் நானே. தரகர் ஏனோ சிரித்துக்கொண்டார். போட்டோவைக்கூடப் பார்க்காமல், "உங்க இஷ்டம்ப்பா" என்றான் மகன். இந்தக் காலத்தில் அப்படி ஒரு பிள்ளையை யார் வளர்த்திருக்கிறார்கள், சொல்லுங்கள்.

நிச்சயத்தன்று காலையில் அவன் வர வேண்டிய விமானம் தாமதமாகத்தான் கிளம்பியது. வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு இராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். நான் அசரவில்லை. "தட்டு மாத்தப்போறது நீங்களும் நானும்தானே சம்பந்தி? மாப்பிள்ளை கடைசிப் பந்திக்கு வந்துருவான்" என்றேன். பெண்ணின் அப்பா தலையாட்டினார். தாய்மாமன்தான் முகத்தைச் சுளித்தார். பத்திர ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அவருக்காகவே செல்போனை எடுத்து, விமானம் போகிற வழியைக் காட்டும் ஆப்பைத் திறந்தேன். மஞ்சள் விமானம் ஒன்று கடல்மேல் ஊர்ந்தது. மண்டபமே என்னைச் சுற்றிக் கூடிவிட்டது. "இதோ, ஓமனைத் தாண்டிட்டான். முப்பதாயிரம் அடிக்கு மேல பறக்குறான்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். விமானத்தை நானே ஓட்டுவது போல இருந்தது.

அப்புறம் அது நகரவில்லை.

பழக்க தோஷம், வாய் முந்திக்கொண்டது. "நின்னுட்டான். டீ குடிக்கப் போயிருப்பான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அதற்குள் விமானம் படத்தில் இருந்தே மறைந்துவிட்டது. பெண்ணின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் இருந்து எடுத்துவிட்டார்.

"பதறாதீங்க" என்றேன். "கொள்ளிடக்கரையில டவர் இல்லாத இடம் ஒண்ணு இருக்கு. அங்க போனா என் வண்டியும் போன்ல காணாமப் போயிரும். ஆனா அது பாட்டுக்கு அறுத்துக்கிட்டுதான் இருக்கும்."

"உங்க வண்டி நின்னா வயல்ல நிக்கும் சம்பந்தி" என்றார் தாய்மாமன். "இது நின்னா எங்க நிக்கும்?"

என் மனைவி பக்கத்தில் வந்து, "அந்த டிரைவருக்கும் போன் போட்டுத் திட்டுங்களேன்" என்றாள் மெதுவாக. அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

தாய்மாமன் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். "பையன் எங்க இருக்கான்னே தெரியாம எப்படித் தட்டு மாத்துறது? இன்னொரு நாள் பாப்போம்" என்றார். இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். சகுனம் சரியில்லை என்று ஒரு வாய் சொன்னால் போதும், மாலைக்குள் கும்பகோணம் வரைக்கும் போய்விடும். மணி பத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. பட்டுப்புடவையோடு பெண்ணே வெளியே வந்தது.

"மாமா, அவருக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றது என்னைப் பார்த்து. "கரையில இருக்குற ரேடாருக்கு ஒரு எல்லை வரைக்கும்தான் தெரியும். நடுக்கடல்ல எந்த விமானமும் அதுல தெரியாது. இந்த ஆப்புக்கும் அங்க சிக்னல் பிடிச்சுக் கொடுக்க ஆள் இல்ல. எங்க இருக்கோம்னு பைலட்டுதான் அப்பப்போ சொல்லுவாரு. அதுக்காக ஒண்ணுக்கொண்ணு நிறைய இடைவெளி விட்டுத்தான் அனுப்புவாங்க. மங்களூர்ப் பக்கம் வந்ததும் தானா தெரியும்."

கேட்டீர்களா? நான் சொன்ன அதே கொள்ளிடக்கரை நியாயம்தான்.

"அது எப்படி உனக்கு அவ்வளவு நிச்சயமாத் தெரியும்?" என்றார் தாய்மாமன்.

"போன தடவை வந்தப்பவும் இதே இடத்துலதான் காணாமப் போனாரு. அதுக்கு முந்தின தடவையும்..."

பெண் அங்கே நிறுத்திக்கொண்டது. மண்டபமும் நின்றது. நாங்கள் பெண் பார்க்கப் போனது போன மாதம். என் மகன் கடைசியாக ஊருக்கு வந்தது பொங்கலுக்கு.

பெண்ணின் அம்மாவுக்கு அழுகை நின்றுவிட்டது. அவர் மகளைப் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஜாதகத்தில் விரல் வைத்த அன்று தரகர் எதற்காகச் சிரித்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

தாய்மாமன்தான் முதலில் வாயைத் திறந்தார். "நாதஸ்வரம் ஏன் நிக்குது? ஊதச் சொல்லுங்கப்பா. தட்டை எடுங்க சம்பந்தி, நேரமாச்சு."

இராகு காலத்துக்கு முன்பே தட்டு மாறியது. எல்லோரும் இலையில் உட்கார்ந்திருந்தபோது மஞ்சள் விமானம் மங்களூருக்கு மேலே முளைத்தது. அதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

இறங்கியதும் மகன் போன் செய்தான். "அப்பா, திருச்சி வந்துட்டேன். தட்டு மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சு. எத்தனை வருசமாடா?"



"அப்பா, இங்க டவர் சரியில்லப்பா" என்றான், விமான நிலையத்து வாசலில் நின்றுகொண்டு.