ஏறச் சொன்னவன்

அர்ச்சுனனுக்கு முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. மலாயாவில், பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் மாட்டுவண்டி ஓட்டினான். தாப்பாவுக்குக் காலி வண்டியோடு போய்த் தோட்டத்துக் கடைக்கு அரிசி ஏற்றிவருவது அவன் வேலை. ஏழு வருஷத்தில் அவன்மேல் ஒரு சொல் விழுந்ததில்லை.

1926ஆம் வருஷம், ஐப்பசி மழையில், ஒருத்தி காய்ச்சல்கண்ட குழந்தையை இடுப்பில் வைத்து, இன்னொன்றைக் கையில் பிடித்தபடி சாலையில் நடந்துகொண்டிருந்தாள். அவன் தோட்டத்துக்கே புதிதாகக் கப்பலேறி வந்த சீனியின் மனைவி இருளாயி. அது அவனுக்கு அப்போது தெரியாது. தாப்பா ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொன்னாள். புருஷனுக்கு வேலையை விட்டு வர வழியில்லை. இன்னும் ஐந்து மைல் இருந்தது.

“ஏறிக்க தங்கச்சி. புள்ள தாங்காது.”

அவள் முன்னும் பின்னும் சாலையைப் பார்த்தாள். பிறகு ஏறினாள். அவன் தன் சாக்கைக் குழந்தைமேல் போர்த்திவிட்டு, ஆஸ்பத்திரி வாசல்வரை திரும்பியே பார்க்காமல் ஓட்டினான்.

அரிசி தோட்டத்துக்கு வருமுன்னே பேச்சு வந்துவிட்டது. பொண்டாட்டி இல்லாதவனுக்கு அடுத்தவன் பொண்டாட்டிமேல் என்ன கரிசனம் என்றார்கள். காசுக்கு இந்தத் தோட்டத்துக் கூலிகளை வேறு தோட்டத்துக்குக் கிளப்பிக்கொண்டு போகிறவன் என்றும் சொன்னார்கள்.

நான்காம் நாள் இருளாயி குழந்தைகளோடு திரும்பியதும் தோட்டத்துக் கங்காணி இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார். அவள் கன்னத்தில் சீனியின் விரல்தடம் இருந்தது.

“நான் கேக்கல. அவருதான் ஏறச் சொன்னாரு.”

அதில் பொய் இல்லை. அதனால் அர்ச்சுனனுக்கு மறுக்க வழியும் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்க வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டான்.

“ஊர்ப் புள்ளைக்கெல்லாம் நீதான் அப்பனா?” என்றார் கங்காணி. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் இரண்டு பேர் அன்று சாலையில் அவளைக் கண்டும் காணாமல் கடந்து வந்தவர்கள். பேச்சைக் கொண்டுவந்ததும் அவர்கள்தாம். அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

வண்டியைப் பிடுங்கி வேறொருவனிடம் கொடுத்தார்கள். அர்ச்சுனன் ஈப்போவுக்குப் போய்ச் சாலைக்குக் கல் உடைத்தான்.

மூன்று வருஷம் கழித்து ஒரு மத்தியானம், அவன் கண்ணெதிரே ஒரு சிறுமி சரளைக்கல்லில் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாள். அவளை எடுக்கப் பக்கத்தில் பெண்கள் யாரும் இல்லை. அவள் அவனைப் பார்த்து அழுதாள். அர்ச்சுனன் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. அவளாக எழுந்து நொண்டிக்கொண்டு போகும்வரை, தலை நிமிராமல் கல்லையே உடைத்துக்கொண்டிருந்தான்.