சுருங்காத மாவு

கொதிக்கிற தண்ணீரில் போட்டால் மாவு சுருங்கும் என்று நம்பியவன் நான். நம்பியதோடு நிற்காமல், இரண்டே பேர் இருக்கும் வீட்டில் ஒரு பந்திக்குப் போதுமான பாஸ்தாவைச் செய்தும் காட்டினேன். அறியாத வயதில் நடந்ததில்லை. போன வருஷம், மீசை நரைத்த பிறகு.

விருத்தாசலத்து செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மைகளுக்கு மாடல் செய்கிறவன் நான். களிமண்ணுக்கு இருப்பது ஒரே குணம், சுருங்குவது. காயும்போது சுருங்கும், சூளையில் மறுபடி சுருங்கும். பத்து அங்குலப் பிள்ளையார் கேட்டால் பதினோரு அங்குலத்துக்கு மேல் செய்தால்தான் கடைசியில் பத்து அங்குலம் கையில் கிடைப்பார். இருபத்தைந்து வருஷம் இப்படியே செய்து, சட்டைகூட ஒரு அளவு பெரிதாக வாங்கும் பழக்கம் வந்துவிட்டது. சட்டை எதுவும் சுருங்கவில்லை. நான்தான் வருஷத்துக்குக் கொஞ்சமாக அதை நிரப்பி வந்தேன்.

போன வருஷம் என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் பத்து நாளில் போயிற்று. போகும்போது நாக்கின் ருசியையும் எடுத்துக்கொண்டு போயிற்று.

"எதைத் தின்னாலும் மண்ணு மாதிரி இருக்குது" என்றாள்.

"எந்த மண்ணு? நம்ம பேட்டை மண்ணா, ஆத்து மண்ணா?"

அவள் சிரிக்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்தபடியே, அடுப்பில் கொதிக்கும் ரசத்தின் வாசனையை வைத்து உப்பு குறைகிறது என்று சொல்லக்கூடியவள். ஒருநாள் நான் வைத்த ரசத்தை ஒரே மூச்சில் குடித்து, "சூடா இருக்குது" என்று மட்டும் சொல்லி டம்ளரை வைத்தாள். பிறகு நான் ஒரு வாய் குடித்தேன். அதில் உப்பே போட்டிருக்கவில்லை. அன்றைக்கு எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

ருசி தானாகத் திரும்பும், எப்போது என்று சொல்ல முடியாது, கேட்பதைக் கொடுங்கள் என்றார் டாக்டர். அவளோ எதையும் கேட்கவில்லை. கஞ்சி, கஞ்சி, மறுபடி கஞ்சி. கை வளையல்கள் முழங்கைவரை ஏறத் தொடங்கின. என் வாழ்க்கையில் சுருங்கக்கூடாதது ஒன்று சுருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்கூட்டி அளவு சேர்த்து வைக்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, சுவரைப் பார்த்துப் படுத்தபடி சொன்னாள்: "பொண்ணு ஒரு தடவ நாடா நாடாவா ஒண்ணு பண்ணுச்சே, அது இருந்தா ரெண்டு வாய் சாப்பிடுவேன்."

மகள் வேலை கிடைத்து சென்னைக்குப் போவதற்கு முன்பு ஆன்லைனில் வாங்கிய, பாஸ்தா மாவைத் தகடாக்கி வெட்டும் கைச்சுற்று மெஷின் பரணில் கிடந்தது. அவளுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, கடையில பாக்கெட்டு விக்குது."

"அம்மா கேட்டது நீ பண்ணத."

"அப்போ நூறு கிராம் மைதாவுக்கு ஒரு முட்டை. பிசைஞ்சு அரை மணி நேரம் மூடி வைங்க. மெஷின தண்ணியில கழுவாதீங்க. சொந்தமா எதையும் யோசிக்காதீங்க."

கடைசி வாக்கியத்தின்போது சிக்னல் சரியில்லை என்று வைத்துக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆரம்பித்தேன். பிசைவதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. பிசைந்த மாவை ஈரத்துணி போட்டு மூடினேன்; மண்ணையும் அப்படித்தான் மூடுவோம். மெஷினைத் திருகி மாட்ட வாகான விளிம்பு என் மனைவியின் தையல் மெஷின் பலகையில்தான் இருந்தது. காய்ச்சலுக்குப் பிறகு அவள் அதைத் தொடவில்லை.

கைப்பிடியைச் சுற்றினேன். முதலில் மாவு கிழிந்து கிழிந்து வந்தது. மடித்து மறுபடி விட்டேன். நாலாவது தடவையில் வழுவழுவென்று ஒரு தகடு இறங்கியது. அதைக் கையில் ஏந்தியபோது நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது கொஞ்ச நேரம் மறந்துவிட்டது. ஜன்னல் வெயிலில் மைதாத்தூள் மிதந்தது. ஜங்ஷனில் ஏதோ ரயில் நின்று, கிளம்பி, தூரத்தில் கரைந்தது. கைப்பிடி சுற்றச் சுற்ற, தகடு நீண்டு, பலகையைத் தாண்டி, காற்றில் தொங்கி, முடிவே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. தூக்கிப் பிடித்தால் அதற்குப் பின்னால் வெயில் மஞ்சளாகத் தெரிந்தது. வெயிலுக்கு அந்தப்பக்கம் ஒரு நிழல் அசைந்தது. கட்டிலைவிட்டு அவள் தானாக எழுந்து வந்திருந்தாள்.

"இன்னும் மெலிசா பண்ணணும்ங்க."

"வேணாம். சுருங்கும்."

"ஏங்க, அது என்ன மண்ணா?"

"நீதானே எல்லாம் மண்ணுன்னு சொன்ன."

மெஷினிலேயே நாடாவாக வெட்டும் பல் இருந்தது. அது மிகவும் ஒல்லி என்று ஒதுக்கிவிட்டு, ஸ்கேல் வைத்து இரண்டு விரல் அகலத்துக்குக் கத்தியால் வெட்டினேன். சுருக்கத்துக்காக முன்பே இரண்டு மடங்கு மாவு பிசைந்திருந்தேன். மின்விசிறியை நிறுத்தி, கூடத்தில் கொடி கட்டி, நாடாக்களைத் தொங்கவிட்டோம். பாதி அவள் போட்டாள். வெள்ளையும் மஞ்சளுமாக அவை லேசாக ஆடின. அவற்றுக்கு நடுவே அவள் குனிந்து குனிந்து நடந்தபோது வீடு முழுக்கத் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் இருந்தது. காய்ந்த நாடா ஒரு நூலளவு சுருங்கியது. "பாத்தியா?" என்றேன். அந்த ஒரு நூல்தான் என்னைக் கவிழ்த்தது.

கொதிக்கும் தண்ணீரில் போட்டதும் அவை ஊத ஆரம்பித்தன. தடித்தன, அகன்றன, பாத்திரத்தின் மூடியைத் தூக்கிக்கொண்டு எழுந்தன. இரண்டாவது பாத்திரத்துக்கு மாற்றினேன். அங்கேயும் வளர்ந்தன. மூன்றாவதாகக் குக்கரை எடுத்தேன். ஒரு அடுப்பில் தக்காளியும் பூண்டும் தீயப் பார்த்தன, இன்னொன்றில் நுரை பொங்கி நெருப்பை அணைத்தது. கோயிலில் பூசை முடிந்து, எங்கேயோ விருந்துக்கும் போய்விட்டுத் திரும்பிய பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, போர்வைய வேக வச்சிருக்கீங்க?"

"பாஸ்தாக்கா."

"முறுக்கு அச்சுல பிழிஞ்சிருந்தா இந்நேரம் தின்னு முடிச்சிருக்கலாம்."

ஒரு பாத்திரம் நிறைய அவருக்குக் கொடுத்தேன். தெருவில் இன்னும் மூன்று வீடுகளுக்கும் அவரே எடுத்துப் போனார். அப்படியும் மிச்சம் இருந்தது.

மனைவிக்குத் தட்டில் இரண்டு நாடா போட்டு, மேலே தக்காளியை ஊற்றினேன். தட்டில் அவை மடித்து வைத்த ஈர வேட்டி மாதிரி கிடந்தன. அவள் ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள். நான் எதிரே உட்கார்ந்து, மண்ணு மாதிரி இருக்குது என்று அவள் சொன்னால் என்ன ஜோக் அடிக்கலாம் என்று தேடினேன். அவள் இன்னொரு துண்டைப் போட்டாள். மெல்லுவதை நிறுத்தினாள். புருவத்தைச் சுருக்கித் தட்டைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"எப்படி இருக்குது?" என்றேன்.

"உப்பு இல்ல."