ஜன்னல் கம்பிக்குள்ள போற வாட்ச்

அக்கா வூட்டுக்காரரு, அதான் எங்க மாமா, துபாய்லேர்ந்து லீவுல வந்தப்ப ரெண்டு டைவிங் வாட்ச் எடுத்தாந்தாரு. ரெண்டுமே புதுசுதான். ஆனா ஒன்னு பழைய காலத்து மாடல்ல பண்ணது. சின்னது, மெல்லிசு, துணிப் பட்டை, முள்ளுல ரேடியம் கூட டீக்கறை கலரு. இன்னொன்னு இப்பத்திய மாடலு. தடியா, ஸ்டீல் செயினு, சுத்துனா டக்டக்னு சத்தம் வர்ற வளையம். கடலுக்கடியில போனாலும் ஒன்னும் ஆவாதாம். எங்க ஊரு காணையில நாங்க எறங்குற கடல் பம்புசெட்டுத் தொட்டிதான், அது வேற விஷயம்.

"ஒன்னு நீ எடுத்துக்க, இன்னொன்னு எனக்கு. ஞாயித்துக்கெழம கெளம்புறேன், அதுக்குள்ள சொல்லு"ன்னாரு. அதோட நிறுத்தியிருக்கலாம். "பொம்பளப் புள்ள கைக்கு சின்னதே போதும்"னு ஒரு பிட்டு சேத்துப் போட்டாரு பாருங்க, எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு. பிசிக்ஸ் படிச்சவ நானு. பெருச எடுத்து மாட்டிக்கினேன்.

"கைய விட வாட்ச் பெருசா கீதுடி"ன்னு அக்கா சிரிச்சா.

செயினு லூசுதான். "ரெண்டு கண்ணி கழட்டுனா சரியாப் பூடும்"னேன்.

மாமா பதறிட்டாரு. "இரு இரு, முடிவு பண்ணிட்டு கழட்டு!"

மறுநாளு அதையே போட்டுக்கினு வேலைக்குக் கெளம்பினேன். வேலை திண்டிவனத்துல. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல காலையில படி வழியா ஏறி சீட்டு புடிச்சவங்க யாருமே கெடையாது. பஸ்ஸு உள்ள நொழையும்போதே ஜன்னல் வழியா எதையாச்சும் போட்டு எடம் புடிக்கணும். நான் கம்பி சந்துல கைய வுட்டு கர்ச்சீப்ப போட்டேன். கர்ச்சீப் சீட்டுல வுழுந்துச்சு. கை வெளிய வரல. லூசு வாட்ச் குறுக்கால திரும்பி கம்பியில சிக்கிக்கிச்சு.

உள்ள மல்லாட்டை மூட்டையோட, அதான் வேர்க்கடலை, ஒரு அக்கா. "இன்னா பாப்பா, கைய மட்டும் திண்டிவனம் அனுப்புறியா?"

கண்டக்டரு, "ஜல்தி கழட்டும்மா, வண்டிய எடுக்கணும்"னு கத்துறாரு. அந்த அக்காதான் செயின் லாக்க தட்டி வுட்டாங்க. நான் சுத்தி ஓடி உள்ள ஏறுனா, என் கர்ச்சீப் மேலயே உக்காந்துக்கினு இருக்காங்க. வாட்ச்ச குடுத்தாங்க, சீட்ட குடுக்கல. திண்டிவனம் வரைக்கும் நின்னுக்கினே போனேன்.

அடுத்த நாளு சின்னத கட்டிக்கினு போனேன். கை போச்சு, வந்துச்சு, ஜன்னலோர சீட்டு. தெனம் போடறதுக்கு எது சரின்னு எனக்குப் புரிஞ்சு போச்சு. ஆனா சின்னதுன்னு சொன்னா மாமா ஜெயிச்சிடுவாரே! வாரம் பூரா வாயத் தொறக்கல.

ஞாயித்துக்கெழம காலையில ரூமுக்குள்ள போனா, மாமா கண்ணாடி முன்னாடி நின்னுக்கினு சின்ன வாட்ச்ச கட்டிப் பாக்குறாரு. பட்டைய இழுக்குறாரு, இழுக்குறாரு, கடைசி ஓட்டைக்குக் கூட எட்டல.

"இன்னா மாமா, பத்தலியா?"

"கத்தாதம்மா. நான் பெருத்துட்டேன்னு உங்க அக்காவுக்குத் தெரிஞ்சா, ஊருக்குக் கெளம்புற அன்னிக்கும் எனக்கு கேப்பைக் கூழுதான்."

அடப்பாவி மனுஷா! அளவு பாத்தது என் கைய இல்ல, அவரு கைய. இதுக்காடா ஒரு வாரமா கொதிச்சுக்கினு கெடந்தேன்?

"சின்னத நான் எடுத்துக்கறேன். ஆனா காரணம் என் கை கெடையாது. பஸ்ஸு ஜன்னலு. எங்க, நீங்களே சொல்லுங்க."

"பஸ்ஸு ஜன்னலு"ன்னாரு மாமா, நான் மனச மாத்துறதுக்குள்ள பெருசோட லாக்க டக்குனு மாட்டிக்கினே.