பின்னட்டையைப் பற்றி நான் சொன்ன பொய்

மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு பழைய புத்தகக் கடை இருக்கிறது. கடைக்காரர் குளச்சல்காரர், வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நாங்கள் எல்லோரும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். பாடநூல்தான் அவருக்கு வியாபாரம். பழைய காமிக்ஸுக்கு இப்போது நல்ல விலை கிடைக்கிறது என்று யாரோ சொன்ன பிறகுதான் அந்தப் பக்கம் வந்தார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. நாற்பது வயதிலும் காமிக்ஸ் சேர்க்கிற என்னைப் போன்ற ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. விற்கிறவர்களைத் திட்டுவதுதான் அதில் பாதிப் பேச்சு. ஒரு பக்கம்கூடப் படிக்காதவனெல்லாம் விலை வைக்கிறான் என்று நானே எழுதியிருக்கிறேன்.

போன வருஷம் காக்கா ஒரு கௌபாய் கதையை எடுத்துக் காட்டினார். தீபாவளி மலர், முதல் பதிப்பு, அட்டை மடங்கக்கூட இல்லை. பல வருஷமாக நான் தேடிய புத்தகம். நாலாயிரம் என்றார். நியாயமான விலைதான், குழுவில் அதற்கு மேலேயும் போயிருக்கிறது.

புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன். "காக்கா, இது மறுபதிப்பு. ஒரிஜினல்ல பின்னட்டையில விளம்பரம் இருக்காது."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

"அப்படியா? எனக்கு இதெல்லாம் தெரியாதுல்லா. நீங்க வெவரம் தெரிஞ்ச ஆளு. ஐநூறு தந்துட்டு எடுத்துக்கிடுங்க, தம்பி."

பஸ்ஸில் வரும்போதே படமெடுத்துக் குழுவில் போட்டேன். கொடுத்த விலையையும் எழுதினேன். ஆளாளுக்குக் கைதட்டினார்கள்.

அடுத்த மாதம் போனபோது காக்கா என்னை உட்காரவைத்து டீ சொன்னார்.

"நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. அதே புத்தகம் இன்னொண்ணை அதுக்கு முன்னாடியே ஒரு டாக்டருக்கு நாலாயிரத்துக்குக் குடுத்திருந்தேன். அதுலயும் விளம்பரம் உண்டு. கூப்பிட்டு, மறுபதிப்புன்னு தெரியாம வித்துட்டேன்னு சொல்லி, மூவாயிரத்தி ஐநூறைத் திருப்பி அனுப்பிட்டேன். ஹராமான காசு நமக்கு எதுக்கு?"

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"சரின்னாரு. வேற ஒண்ணும் சொல்லல்ல."

அந்த டாக்டரை எனக்குத் தெரியும். எங்கள் குழுவில் மூத்தவர், முதல் பதிப்பைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். இப்படியும் ஒரு மனுஷனா என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் நான் யார் என்று உறைத்தது. டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"காக்கா, அது ஒரிஜினல்தான். ரெண்டுமே ஒரிஜினல்."

அவர் என்னையே பார்த்தார். "அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

மீதிப் பணத்தோடு டாக்டருக்கு அனுப்பியதையும் நானே தருகிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். "புத்தகத்தைக் கொண்டு வந்து தாங்க. ஒங்க ஐநூறு இங்க இருக்கு." குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாளே கொண்டு போய்க் கொடுத்தேன். டாக்டரிடம் நான் பேசட்டுமா என்று கேட்டேன்.

"அவருக்குத் தெரியாமலா இருக்கும்?" என்று சொல்லிவிட்டு, பாடநூல் கேட்டு வந்த ஒரு அம்மாவிடம் போய்விட்டார்.

குழுவில் நான் இதை இன்றுவரை சொல்லவில்லை. டாக்டரும் சொல்லவில்லை. விற்பவர்களின் பேராசையைப் பற்றி யாராவது எழுதினால் இரண்டு பேரும் பேசாமல் இருக்கிறோம்.