பேர் கேட்டால் குரூப்பை விட்டு எடுத்துவிடுவேன்

காலேஜ் பிள்ளைகளை ஆண்டவரிடம் கூட்டிக்கொண்டு வருவது ஒரு வேலை என்றால், அவர்களை வாட்ஸ்அப் குரூப்பில் பிடித்து வைத்திருப்பது அதைவிடப் பெரிய வேலை. சபையில் யாராவது உங்களைப் பார்த்து, "நீங்க சும்மாதானே இருக்கீங்க, பிள்ளைங்க குரூப்பைப் பார்த்துக்கங்களேன்" என்று சொல்லியிருந்தால் நீங்களும் என் கட்சிதான். வாருங்கள், சேர்ந்து புலம்புவோம்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். தெலுக் பங்லிமா காராங்கில் கையுறை செய்கிற ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் நின்றபடியே வேலை செய்து, முட்டி தேய்ந்து வெளியே வந்தேன். அந்த மாசமே எங்கள் சபையின் மாணவர் ஐக்கியத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டீச்சருக்கு ஜொகூருக்கு மாற்றல் வந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை மாடியில், சனிக்கிழமை மத்தியானம் கூடுகிற இருபது இருபத்தைந்து பிள்ளைகள். அவர்களுக்குச் சாப்பாடு மட்டும் கட்டிக்கொண்டு போன என்னைப் பிடித்து அட்மின் ஆக்கிவிட்டார்கள்.

ரோஜாப்பூ

முதல் மூன்று மாசம் நான் செய்ததெல்லாம், எனக்கு வந்த படங்களை அப்படியே அங்கே தள்ளிவிட்டதுதான். விடிந்தால் ரோஜாப்பூவில் வேத வசனம். மத்தியானம் வெள்ளைப் புறாவில் வசனம். சாயந்திரம் கடலில் சூரியன் இறங்கும்போது இன்னொன்று. இரண்டு பிள்ளைகள் கைகூப்புகிற படம் போடுவார்கள். ஊழியம் நன்றாக நடக்கிறது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஷா ஆலமில் படிக்கிற ரேச்சல் என்ற பிள்ளை ஒரு சனிக்கிழமை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வீடு கிள்ளான், படிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். ஆள் குச்சி மாதிரி இருப்பாள், வாய் மட்டும் பெரிசு. "நான் போடுற வசனமெல்லாம் படிக்கிறியாம்மா?" என்று கேட்டேன். போனை எடுத்துக் காட்டினாள். எங்கள் குரூப்பைச் சத்தம் வராமல் அமுக்கி வைத்திருந்தாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தானாம். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்க ஆன்டி. உங்க ரோஜாப்பூவை அழிச்சு அழிச்சே என் கட்டைவிரல் தேஞ்சுபோச்சு லா."

மீன் ஆய்ந்தபடி ஒரு செய்தி

சரி, படம் வேண்டாம், எழுதலாம் என்றால் எனக்கு ஒரு வரி அடிக்க அரை மணி நேரம் ஆகும். அதனால் அந்த மைக் படத்தை அமுக்கிப் பேசிவிட்டேன். சமையல்கட்டில் கெம்போங் மீன் ஆய்ந்துகொண்டே பேசினேன். தொழிற்சாலையில் முதல் நாள், மெஷினில் எழுதியிருந்த இங்கிலீஷைப் படிக்கத் தெரியாமல் கழிவறைக்குப் போய் அழுததைச் சொன்னேன். அங்கேயே நின்று ஜெபித்ததையும், திரும்பி வந்து பார்த்தபோது மெஷினில் அதே இங்கிலீஷ் இருந்ததையும், ஆனால் பக்கத்து மெஷின் அக்காவிடம் கேட்கிற தைரியம் மட்டும் எனக்கு வந்திருந்ததையும் சொன்னேன். அவ்வளவுதான், ஒரு நிமிஷம். நடுவில் குழாய்த் தண்ணி சத்தம் வேறு.

அதே வாரம் எங்கள் ஐக்கியத்துப் பையன் ஜோஷுவா குரூப்பில் ஒரு வீடியோ போட்டிருந்தான். படம் எடுக்கிற படிப்புதான் படிக்கிறான். விளக்கு, இசை, எழுத்து பறந்து வருவது எல்லாம் இருந்தது. சனிக்கிழமை வந்தவன் என் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஏதோ கேஸ் விசாரிக்கிறவன் மாதிரி உட்கார்ந்தான். "ஆன்டி, நாங்க நாலு பேரு மூணு நாள் உட்கார்ந்து பண்ணோம். அதை ஒருத்தனும் முழுசா பார்க்கல. நீங்க மீன் ஆய்ஞ்சதை எல்லாரும் எல்.ஆர்.டி. ரயில்ல ரெண்டு தடவை கேட்டிருக்கானுங்க. இது நியாயமா?"

கிள்ளானுக்குப் போன விண்ணப்பம்

பேச ஆரம்பித்ததும் பிள்ளைகள் எனக்குத் தனியாக எழுத ஆரம்பித்தார்கள். ரேச்சல் ஒரு புதன்கிழமை எழுதினாள்: ரெண்டு பேப்பர் போச்சு, செமஸ்டரைத் திரும்பப் படிக்கணும், அம்மாவுக்கு இன்னும் தெரியாது, வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய் நானே சொல்லப் போறேன், ஜெபம் பண்ணுங்க ஆன்டி.

எனக்கு மனசு கேட்கவில்லை. மனசு கேட்காவிட்டால் நம்ம ஆட்கள் என்ன செய்வோம்? ஒருத்தர் ஜெபிப்பதைவிட இருபது பேர் ஜெபித்தால் நல்லது என்று குரூப்பில் போடுவோம். நானும் போட்டேன். "நம்ம ரேச்சலுக்கு ரெண்டு பேப்பர் போயிருச்சு, அம்மாகிட்ட சொல்றதுக்குப் பெலன் வேணும், எல்லாரும் ஜெபியுங்க" என்று மனப்பாரத்தோடு பேசி அனுப்பினேன். குரூப்பில் ஒரு பிள்ளை அதைத் தன் அம்மாவுக்குப் போட்டுக் காட்டியது. அந்த அம்மா பாரத்தோடு தன் பெண்கள் ஐக்கியத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து இன்னொருவர் பாரத்தோடு கிள்ளானுக்கு அனுப்பினார். ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. எல்லாருக்கும் பாரம். அம்மாவிடம் சொல்ல ரேச்சலுக்குப் பெலன் வேண்டும் என்கிற என் ஜெப விண்ணப்பத்தை, அன்றைக்குச் சாயந்திரமே என் குரலில் அந்த அம்மாவே கேட்டுவிட்டார்.

குரூப்பில் சின்ன எழுத்தில் ஒரு வரி வந்தது, ரேச்சல் வெளியேறிவிட்டாள் என்று. ஐந்து தடவை கூப்பிட்ட பிறகு எடுத்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலாம். "நான் ஆண்டவர்கிட்டதான் சொல்லச் சொன்னேன் ஆன்டி, கிள்ளான் பூரா இல்ல."

சீனி போடாத தேநீர்

தப்புச் செய்த வாயால்தான் மன்னிப்பும் கேட்க வேண்டும், அதற்கு மைக் படம் உதவாது. அடுத்த நாள் காலையிலேயே ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போனேன். ரேச்சலின் அம்மா ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறவர். வேலை முடிந்து வரும்வரை அடுக்குமாடி வீட்டுப் படியில் காத்திருந்தேன். என்னைப் பார்த்ததும் யார் என்று கேட்கவில்லை. நான் வாயைத் திறந்ததுமே குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். உள்ளே கூப்பிட்டு ஒரு கிளாஸ் தேநீர் வைத்தார். சீனி இல்லை. மறந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. நானும் கேட்கவில்லை, குடித்தேன்.

ரேச்சல் அம்மாவின் போனையும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வர மாட்டேன் என்று ஒரு வரி மட்டும் அனுப்பியிருந்தாள். "பேப்பர் போனதுக்குத் திட்டுவேன்தான். எந்த அம்மா திட்டாம இருப்பா?" என்று கேட்டபடி என் காலிக் கிளாஸை எடுத்தார். பிறகு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "என் மக சொல்லி நான் அழவேண்டியதை, நீங்க சொல்லி அழ வெச்சிட்டீங்களே அக்கா."

ஒரு பிள்ளை

அன்றைக்கே ரயிலில் உட்கார்ந்து குரூப்பில் பேசினேன். நான் செய்தது தப்பு. இனிமேல் இங்கே யார் பேரும் வராது. "ஒரு பிள்ளைக்காக ஜெபியுங்கள்" என்று மட்டும்தான் வரும். இங்கே கேட்டதை வெளியே அனுப்பக் கூடாது. யார் அந்தப் பிள்ளை என்று கேட்டால், கேட்கக் கூடாது என்று ஒரு தடவை சொல்வேன். இரண்டாவது தடவை கேட்டால் குரூப்பை விட்டு எடுத்துவிடுவேன்.

பிள்ளைகள் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டது சபைக் கமிட்டிச் செயலாளர் ஆல்பர்ட் அண்ணன். மேற்பார்வைக்கு என்று அவரும் குரூப்பில் இருந்தார். "ஒரு பிள்ளைக்கு வீட்டில் கஷ்டம்" என்று நான் போட்ட மறு நிமிஷம், "யார் அது?" என்று எழுதினார். கேட்கக் கூடாது என்று சொன்னேன். "கமிட்டிக்குத் தெரியவேண்டும். யார்?" என்றார். எடுத்துவிட்டேன். தொழிற்சாலையில் என்னைத்தான் இந்த லைனிலிருந்து எடு, அந்த லைனில் போடு என்பார்கள். நான் ஒருத்தரை எடுத்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை சபை வாசலில் பிடித்துக்கொண்டார். "பேரு தெரியாம எப்படி ஜெபம் பண்றது?" என்றார். "ஜெபத்தைக் கேக்கிறவருக்குப் பேரு தெரியும் அண்ணே. உங்களுக்கு எதுக்கு?" என்றேன். பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவருக்குக் காது சிவந்துபோனது. "இதுக்குத்தான் படிச்சவங்க கையில கொடுங்கன்னு அன்னைக்கே தலைப்பாடா அடிச்சிக்கிட்டேன்."

வயிற்று வலி

பேர் இல்லை என்றதும் விண்ணப்பங்கள் குறையும் என்று நினைத்தேன். கூடித்தான் போயின. ஒரு நாள், ஒரு பிள்ளைக்கு வயிற்று வலி, நாளைக்கு வீடியோ ஒப்படைக்க வேண்டும், ஜெபியுங்கள் என்று போட்டேன். மறுநாள் ஜோஷுவா போன் செய்தான். "ஆன்டி, வீடியோன்னு எதுக்குச் சொன்னீங்க? எல்லாரும் கண்டுபிடிச்சு வீட்டுக்குக் கஞ்சி கொண்டு வந்துட்டானுங்க. இதோட நாலு டப்பா."

கமிட்டியில்

கமிட்டி என்னைக் கூப்பிட்டது. மேசையைச் சுற்றி ஆறு பேர், மேசைமேல் கேசரி. மாணவர் ஐக்கியத்தின் இன்ஸ்டா பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் பேச்சு. பிள்ளைகளின் முகம் போடவேண்டும், சாட்சி போடவேண்டும் என்றார்கள். ஆல்பர்ட் அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அந்த ரேச்சல் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு வீடியோ எடுங்க. பரீட்சையில விழுந்தது, ஜெபத்தால எழுந்தது. கொஞ்சம் கண்ணீரோட இருந்தா நல்லா போகும்" என்றார்.

எனக்கு எங்கிருந்து குரல் வந்தது என்று தெரியவில்லை. "அந்தப் பிள்ளை இன்னும் எழுந்திரிக்கல அண்ணே. விழுந்ததைவிட, விழுந்ததை நாம ஊருக்குச் சொன்னதுதான் அவளுக்கு வலி. அதையே படம் பிடிச்சுப் போடுறதா? நான் இருக்கிற வரைக்கும் நடக்காது" என்றேன். அப்படியென்றால் அட்மின் வேலையை விட்டுவிடுங்கள், ஜோஷுவா பார்த்துக்கொள்வான், படித்த பையன் என்றார்கள். வெளியே நின்றவனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பாஸ்டர் கேசரியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜோஷுவா மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "எடுத்துக்கிறேன் அங்கிள். எடுத்ததும் முதல் வேலையா ஆன்டி சொன்ன ரூலை எழுதி மேல ஒட்டிருவேன். அப்புறம் உங்களைத் திரும்பச் சேர்க்கலாமான்னு ஆன்டியைக் கேப்பேன்."

தீர்மானத்தை அடுத்த மாசத்துக்குத் தள்ளி வைத்தார்கள்.

சனிக்கிழமை

ரேச்சலுக்கு நான் அனுப்பியது ஒன்றே ஒன்றுதான்: குரூப்பில் பேசிய அந்த மன்னிப்பும் ரூலும். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. அதற்கு மேல் வசனமோ புத்திமதியோ அனுப்பி அவளைத் துரத்தவில்லை. அம்மாவிடம் மட்டும் அவ்வப்போது போனில் கேட்டுக்கொள்வேன். முதலில் "பேசுறா" என்றார். கொஞ்ச நாள் கழித்து "வீட்டுக்கு வந்து தூங்கிட்டுப் போனா" என்றார்.

ஒரு சனிக்கிழமை, பாட்டு முடிகிற நேரத்தில் மாடிப்படியில் வந்து நின்றாள். இன்னும் மெலிந்திருந்தாள். யாரும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவில்லை. ஒரு பிள்ளை நகர்ந்து இடம் விட்டது, அவ்வளவுதான். வழக்கம்போல இன்ஸ்டா பக்கத்துக்குப் படம் எடுக்கப் போனைத் தூக்கிய ஜோஷுவா, அவளைப் பார்த்ததும் இறக்கிவிட்டான். முடிந்த பிறகு என்னிடம் வந்தாள். அந்த இரண்டு பேப்பரையும் திங்கட்கிழமை திரும்ப எழுதுகிறாளாம். குரூப்பில் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "குரூப்ல வர மாட்டேன், இங்க வருவேன். இப்ப எனக்கு ஜெபம் பண்ணுங்க ஆன்டி. ஆனா அந்தப் போனை முதல்ல பைக்குள்ள வைங்க."

என்னை அட்மின் வேலையிலிருந்து எடுக்கக் கமிட்டி மாசாமாசம் தீர்மானம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. எடுக்கிற பட்டன் என் போனில் மட்டும்தான் இருக்கிறது என்பதை அவர்களுக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை, நானும் சொல்வதாக இல்லை.