நான் சொல்லாமல் விட்ட வரி

எங்கள் வீட்டில் ஐந்து பேர். செபமாலையிலும் பத்து மணிகள் கொண்ட பாகங்கள் ஐந்து. அதனால் ஆளுக்கொரு பத்து என்று பிரித்திருந்தோம். முதலாவது அப்பாவுக்கு, அடுத்தது அம்மாவுக்கு, மூன்றாவது மாமிக்கு, நாலாவது எனக்கு, கடைசி அண்ணாவுக்கு. மாமி அப்பாவின் தங்கை. கலியாணம் செய்யாமல் எங்களுடன் இருந்தவர். பங்கீடு அவருடையது. அண்ணாவுக்குக் கடைசிப் பத்து கிடைத்ததற்குக் காரணம் இருந்தது. அந்த நேரத்தில்தான் அவன் தூங்கி விழுவான். முன்னால் சொல்ல வேண்டியவன் தூங்க முடியாது என்பது மாமியின் ஏற்பாடு.

ஒவ்வொரு பத்தும் 'எங்கள் பிதாவே' என்கிற, கர்த்தர் கற்பித்த செபத்தோடு தொடங்கும். அதன் முதல் பாதியை முன்சொல்பவர் சொல்ல வேண்டும். அப்பம் கேட்கிற இரண்டாம் பாதியை மற்றவர்கள் சொல்வார்கள். முதல் பாதி முடிகிற இடத்தில்தான் 'உம்முடைய சித்தம் பரலோகத்தில் செய்யப்படுவது போலப் பூலோகத்திலும் செய்யப்படுக' என்கிற வரி வருகிறது. ஆகவே எங்கள் வீட்டில் அந்த வரியை ஒவ்வொருவரும் ஒரு நாளைக்கு ஒரு முறை, தன் பத்தில், தனியாகச் சொல்லியாக வேண்டும். அதில் ஒரு சங்கடம் இருக்கிறது என்பது ஒன்பது வயதுவரை எனக்குத் தெரியவில்லை.

அந்த வருடம் அம்மாவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. மன்னார் ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்தார்கள். எடுத்ததில் ஒரு துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பதாகவும், முடிவு வர மூன்று கிழமை ஆகும் என்றும் சொன்னார்கள். அம்மா வீட்டுக்கு வந்து, கழுத்தில் வெள்ளைத் துணி ஒட்டியபடி, எப்போதும் போல நண்டுக் கறி வைத்தார். செபத்துக்கு மட்டும் முழந்தாளிடாமல் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். எனக்கும் அண்ணாவுக்கும் யாரும் எதுவும் விளக்கவில்லை. விளக்காததால் நான் காதைக் கூர்மையாக்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று விசாரித்தார்.

"என்னவாம் மாமி, ஏதும் சொன்னவையோ?"

"என்னத்தைச் சொல்லுறது பிள்ளை? துண்டெடுத்து அனுப்பியிருக்கினம். இனி ஆண்டவர்ட சித்தம்," என்றார் மாமி. இருவரும் சேர்ந்து ஒரு பெருமூச்சு விட்டார்கள்.

எனக்கு அந்தப் பெருமூச்சு பிடிக்கவில்லை. இந்தச் சொல் எங்கள் ஊரில் எங்கெங்கே பயன்படுகிறது என்று அன்று முழுவதும் யோசித்துப் பார்த்தேன். முருங்கன் வீதியில் மோட்டார் சைக்கிளில் அடிபட்டு ஒரு அண்ணா செத்தபோது சொன்னார்கள். புயலில் எங்கள் சமையலறைத் தகரம் பறந்தபோது சொன்னார்கள். எனக்குப் பிடித்த ரீச்சருக்கு இடமாற்றம் வந்தபோது அதிபரே சொன்னார். அப்பாவின் வலை நிறைய மீன் பட்ட நாளில் ஒருவரும் சொன்னதில்லை. அன்றைக்கு 'அந்தோனியார் தந்தவர்' என்றார்கள். ஆக, கெட்ட காரியங்கள் ஆண்டவர் சித்தத்தில் நடக்கின்றன, நல்ல காரியங்களை அந்தோனியார் பார்த்துக்கொள்கிறார் என்பது தெளிவாக இருந்தது. இவ்வளவும் தெரிந்த பிறகு, அந்தச் சித்தம் எங்கள் வீட்டில் நடக்கட்டும் என்று நானே வாய் திறந்து எப்படிக் கேட்பது?

அன்று மாலை என் முறை வந்தது. 'உம்முடைய இராச்சியம் வருக' என்பதோடு நிறுத்திவிட்டு, முடிந்துவிட்டது போல மூச்சு வாங்கினேன். யாரும் பதில் சொல்லவில்லை. நான்கு பேரும் அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்கள். அந்த வரி முடியாமல் அவர்களுக்கு வாய் திறக்காது, அப்படிப் பழகியிருந்தார்கள்.

"என்னடி, பிதாவை நடுவழியில விட்டிட்டு எங்க போயிட்டாய்?" என்றார் மாமி.

"ஆள் நித்திரை மாமி," என்றான் அண்ணா, வாழ்க்கையில் முதல் முறையாக அதை இன்னொருவரைப் பார்த்துச் சொல்லக் கிடைத்த மகிழ்ச்சியில்.

மறந்துவிட்டேன் என்று நினைத்து மாமியே வரியைச் சொல்லி முடித்தார். அடுத்த நாள் அதே இடத்தில் எனக்கு இருமல் வந்தது. அதற்கு அடுத்த நாள் அண்ணாவோடு ஒப்பந்தம் செய்துகொண்டேன்: என் பத்தை அவன் சொல்வான், அவனுடைய கோழிகளை நான் அடைப்பேன். நாலாவது பத்தை அவன் தொடங்கியதும் மாமி செபமாலையை மடியில் வைத்தார்.

"ரெண்டு பத்து சொன்னா உனக்கு ரெண்டு கோப்பை சோறோ? அவளுக்கு வாயில என்ன, மீன் முள்ளோ? அவளின்ர பத்தை அவள் சொல்லட்டும்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லு பிள்ளை. எல்லாருக்கும் பசிக்குது."

"நான் சொல்ல மாட்டன்."

"ஏனாம்?"

"சொன்னா அவர் அம்மாவை எடுத்துப்போடுவார்."

அந்த வீட்டுப் பெரியவர்கள் மூவரும் அதுவரை ஒருவர் முன் ஒருவர் உச்சரிக்காத விசயத்தை நான் சொல்லிவிட்டேன் என்று எனக்குத் தெரியாது. அம்மா கையை நீட்டி என்னைத் தன் கதிரைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். ஏசவில்லை, என் கன்னத்தில் ஒட்டியிருந்த தலைமயிரை மட்டும் ஒதுக்கிவிட்டார்.

"அவளை விடு," என்றார் அப்பா மாமியிடம். "நாலாவதை நான் சொல்லுறன்."

சொன்னார். அந்த வரி வந்தபோது நான் அவர் முகத்தையே பார்த்தேன். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. முள்ளால் குத்தும் திருக்கை மீன் படுத்திருக்கும் கரைத்தண்ணீரில் நடப்பவர் காலை வைப்பது போல ஒவ்வொரு சொல்லாக வைத்து அதைக் கடந்தார். பதிலை முதலில் தொடங்கியது அம்மாவின் குரல்.

அதற்குப் பிறகு தினமும் அப்பாதான் இரண்டு பத்து சொன்னார். நான் இரண்டாம் பாதியை எல்லோரையும்விட உரத்துச் சொன்னேன். அதில் ஆபத்தில்லை.

கிளினிக் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அப்பா தொழிலுக்குப் போகாமல் அம்மாவோடு காலை பஸ்ஸில் மன்னாருக்குப் போனார். மாமி எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை. அதற்குக் காரணமும் சொல்லவில்லை. அரிசியை இரண்டு தடவை கழுவினார், பிறகு அதை அடுப்பில் வைக்க மறந்துபோனார். மத்தியானம் வேலிப் படலையடியில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. பஸ் இருக்கும்போது ஓட்டோ பிடிக்கிற மனிதரல்ல என் அப்பா. மாமி வாசலில் அப்படியே நின்றுவிட்டார். முதலில் இறங்கியது அப்பா, அவர் கையில் ஒரு பெரிய வத்தகப்பழம்.

"ஒண்டுமில்லையாம்," என்றார் அம்மா, ஓட்டோவுக்குள் இருந்தபடியே. "வெறுங்கட்டியாம் மச்சாள். இனி வரத் தேவையில்லையாம்."

மாமி அழுதார். அழுதுகொண்டே, போனில் கோல் எடுத்துச் சொல்லியிருக்கலாமே என்று இருவரையும் ஏசினார். போனில் சார்ச் போய்விட்டது என்று அப்பா சொன்னதற்கும் ஏசினார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் ஆண்டவர்ட சித்தம்!" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். நல்ல செய்திக்கு அந்தச் சொல்லை ஒருவர் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. மாமி பதற்றத்தில் மாறிச் சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

வத்தகப்பழத்தை முற்றத்தில் வைத்து வெட்டினார்கள். அம்மா ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, சாறு முழங்கைவரை வழிய, சின்னப் பிள்ளை போலக் கடித்தார். அம்மா அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அண்ணா விதைகளை என் மேல் துப்பினான். யாரும் தடுக்கவில்லை. இது நல்ல சமயம் என்று, அம்மா சுகமானதன் உண்மைக் காரணத்தை அவனிடம் இரகசியமாகச் சொன்னேன். நான் அந்த வரியைச் சொல்லாமல் விட்டதால்தான்.

அவன் கொஞ்சம் யோசித்தான்.

"அப்ப நாங்கள் நாலு பேரும் ஒவ்வொரு நாளும் சொன்னமே? அம்மாவும்தானே சொன்னவ?"

நான் அவன் மேல் ஒரு விதையைத் துப்பிவிட்டு எழுந்து போனேன்.

பின்னேரம் அப்பா வேப்ப மர நிழலில் இருந்து வலையில் சிக்கிய சாதாளையைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன். கடல் தாவரத்தின் வாடை அடித்தது.

"அப்பா, அந்த வரியைச் சொல்லேக்க உங்களுக்குப் பயமில்லையோ?"

எந்த வரி என்று அவர் கேட்கவில்லை.

"பயந்துதான் சொன்னனான்," என்றார்.

"பயமெண்டா பேந்து ஏன் சொன்னனீங்கள்? விட்டிருக்கலாமே, என்னை மாதிரி."

அப்பா சிரித்தார். அந்த மூன்று கிழமைக்குள் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை என்பதை இன்று நினைத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். பிறகு வலையின் அடுத்த மடிப்பை முழங்காலுக்கு இழுத்துக்கொண்டார்.

கேள்விக்குப் பதில் தெரியாதவர்கள்தான் சிரித்து மழுப்புவார்கள் என்பது பள்ளிக்கூடத்தில் நான் கண்டறிந்திருந்த உண்மை. பயந்தால் சொல்லக்கூடாது, பயமில்லாவிட்டால் சொல்லலாம். இவ்வளவு சுலபமான விசயம் இத்தனை வருடம் கடலுக்குப் போய்வந்த மனிதருக்கு விளங்கவில்லையே என்று அவருக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டேன். பிறகு மிச்சப் பழம் முடிவதற்குள் முற்றத்துக்கு ஓடினேன்.