முதற்கட்டமாக ஒரு பாத்தி

வன்னியபெருமாள் அண்ணாச்சி பிறந்தது ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில், இரண்டு போகம் நெல் விளைகிற ஊரில். பிழைக்க வந்தது தூத்துக்குடிக்கு, மழை பெய்தால் விளைந்ததெல்லாம் கரைந்துபோகிற தொழிலுக்கு. ஐப்பசி பிறந்ததும் அவருடைய அண்ணன் ஊர்க் கோவிலில் மழை வேண்டித் தேங்காய் உடைப்பார். அதே வாரம் தம்பி இங்கே, மழை ஒரு பத்து நாள் தள்ளி வரட்டும் என்று தேங்காய் உடைப்பார். தீபாவளிக்குச் சந்தித்தால் இரண்டு பேரும் மழையைப் பற்றி மட்டும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

வேம்பார் போகிற சாலையில் இருந்தது எங்கள் உப்பு உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம். உறுப்பினர் அறுபத்து மூன்று பேர். ஆளுக்குக் கிடைத்த துண்டு நிலத்தைப் பாத்தி என்போம். அண்ணாச்சி சங்கத்து ரைட்டர், தீர்மானப் புத்தகம் அவர் கையில். நான் டைப்பிஸ்ட், பெயர் பிளாரன்ஸ். சங்கத்தில் நடந்த அத்தனை கூத்தையும் கார்பன் வைத்து மூன்று நகல் எடுத்தவள் நான். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமையும் உண்டு, கொஞ்சம் வெட்கமும் உண்டு.

எழுபத்தாறாம் வருஷம் அரசாங்கத்தில் எங்கள் நிர்வாகக் குழுவைக் கலைத்துவிட்டுத் தனி அலுவலர் ஒருவரை அனுப்பினார்கள். அவர் மாறுவார், அடுத்தவர் வருவார். ஒருவர் மேஜையில் இருக்கும் பெயர்ப்பலகையின் பெயிண்ட் காய்வதற்குள் மாற்றல் உத்தரவு வந்துவிடும். வந்தவர் ஒவ்வொருவரும் முதல் வாரமே உறுப்பினர்களைக் கூட்டி, சங்கத்தைத் தலைகீழாக மாற்றப்போவதாகச் சொல்வார். அதற்கு எல்லோரிடமும் கையெழுத்தும் வாங்கிக்கொள்வார். பின்னால் ஏதாவது ஆகிவிட்டால் பழியைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் வேண்டுமே.

முதலில் வந்தவர் பால் சங்கத்திலிருந்து வந்தார். நல்ல மனிதர், ஆனால் உலகத்தில் உள்ள எல்லாப் பொருளும் காலையும் மாலையும் கறக்கப்படுவது என்று நம்பினார். உப்பையும் தினம் இரண்டு வேளை வாரினால் உற்பத்தி இரட்டிக்கும் என்றார். உப்பு பாத்தியில் கிடந்து இறுக வேண்டும், அவசரப்பட்டு வாரினால் சேறுதான் வரும் என்பது அங்கே உட்கார்ந்திருந்த அறுபத்து மூன்று பேருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அலுவலரை எதிர்த்துப் பேசினால் லைசென்சில் கை வைத்துவிடுவார் என்று பயம்.

அண்ணாச்சிக்கும் பயம்தான். ஆனால் பேனா அவர் கையில் இருந்தது. தீர்மானத்தை எழுதும்போது, "முதற்கட்டமாக ஒரு பாத்தியில் செய்து பார்த்து, பலன் கண்ட பின் மற்றப் பாத்திகளுக்கு விரிவுபடுத்துவது" என்று கடைசியில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டார். அலுவலருக்கு "முதற்கட்டமாக" என்ற சொல் மிகவும் பிடித்துப்போனது. அந்தச் சொல் இருந்தால் இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம் எல்லாம் வரப்போகிறது என்று மேலதிகாரிகள் நினைத்துக்கொள்வார்களாம். கையெழுத்துப் போட்டார். இரண்டாம் கட்டம் வருவதற்குள் அவர் விருதுநகருக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான், சங்கத்துக்கு வழி கிடைத்துவிட்டது. அடுத்து வந்தவர் வேளாண்மைத் துறைக்காரர். பாத்தியைப் பார்த்ததும் இது என்ன ரகம் என்று கேட்டவர். காற்று ரொம்ப அடிக்கிறது, வரப்பைச் சுற்றிச் சவுக்கு வையுங்கள் என்றார். அந்தக் காற்றுதான் உப்பைக் காய வைக்கிறது என்று யார் போய்ச் சொல்வது? முதற்கட்டமாக ஒரு பாத்தி. முப்பது சவுக்குக் கன்றும் ஒரே வாரத்தில் உப்புத் தண்ணீரில் வெந்து செத்தன. அதற்கடுத்தவர் காலையில் பொறுப்பேற்றார், மத்தியானம் மாற்றல் உத்தரவு வந்தது. அவருடைய பணிக்காலத்தைப் பாராட்டியும் ஒரு தீர்மானம் போட்டோம், நான்தான் டைப் அடித்தேன்.

வெளியே எல்லாம் மாறிக்கொண்டிருந்தது. புதுத் துறைமுகம் வந்துவிட்டது, பெரிய கப்பல்கள் கரையோடு வந்து அணைந்தன, அதுவரை கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோன தோணிக்காரர்கள் பிழைப்பில்லாமல் நின்றார்கள். என் அப்பாவும் தோணிக்காரர்தான். எத்தனையோ சங்கம் இருந்த இடம் தெரியாமல் போனது. எங்கள் சங்கம் மட்டும் ஆடாமல் நின்றது. அக்கம்பக்கத்துச் சங்கக்காரர்கள் அண்ணாச்சியைத் தேடி வந்து, அந்த ஒரு வரியை எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். அண்ணாச்சி அப்போது கொஞ்சம் தலை நிமிர்ந்து நடந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். காப்பிக்குச் சர்க்கரை கூடப் போடச் சொன்னார்.

அந்த ஒரு பாத்தி எது என்று இவ்வளவு நேரம் நான் சொல்லவில்லை. நாங்களும் அப்படித்தான் இருந்தோம், அதை யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. தார்ச்சாலையை ஒட்டி இருந்தது பேச்சியின் பாத்தி. ஜீப் அதற்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். அலுவலர் ஷூ நனையாமல் இறங்கிப் பார்க்கலாம், படம் எடுத்துக்கொள்ளலாம். வேறு காரணம் எதுவும் கிடையாது. இரண்டு வேளை வாரிச் சேறானது பேச்சியின் உப்பு. சவுக்குக்குக் குழி தோண்டி வரப்பு உடைந்தது பேச்சியின் பாத்தியில். உப்பளத்துக்காரர்கள் அதற்கு ஆபீசர் பாத்தி என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள்.

பேச்சிக்கு நாற்பது வயதிருக்கும். புருஷனுக்கு உப்புத் தண்ணீரில் நின்று நின்று காலில் ஆறாத புண், வேலைக்கு ஆகாது. மூன்று பிள்ளைகள். வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்து, பனையோலை வேய்ந்து, மழை முடிந்து தை மாதம் விலை ஏறும்போது விற்றால்தான் ஐந்து பேருக்கும் அடுத்த வருஷச் சோறு. கூட்டத்தில் வாசல் பக்கமாக உட்கார்ந்திருப்பாள். கைநாட்டு வைப்பாள், போவாள்.

எழுபத்தெட்டில் ஞானதீபம் வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மெட்ராஸில் மூன்று மாத டிரெயினிங் முடித்துவிட்டு, சுருட்டிய சார்ட்டுகளோடு வந்து இறங்கினார். சங்கம் என்பது ஓர் ஆர்கனைசேஷன், அது தினமும் படித்துக்கொண்டே இருக்க வேண்டும், சட்டென்று டிசிஷன் எடுக்க வேண்டும் என்றார். சார்ட்டில் வட்டங்களும் அம்புகளும் இருந்தன. வெள்ளத்துரை என்ற உறுப்பினர், எங்களில் பெரிய கை, அதைப் பார்த்துவிட்டு இது புயல் சின்னமா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

ஆனால் ஞானதீபம் மற்றவர்களைப்போல இல்லை. தீர்மானப் புத்தகத்தை வாங்கி மூன்று நாள் உட்கார்ந்து படித்தார். அந்தப் புத்தகத்தை முழுசாகப் படித்த முதல் மனிதர் அவர்தான். நாலாம் நாள் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, இந்தச் சங்கத்தை இரண்டு வருஷமாக நடத்துவது அலுவலர்கள் இல்லை, நீங்கள் எழுதும் ஒரு வரிதான் என்று சிரித்தார். அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது.

புரட்டாசிக் கூட்டத்தில் அவர் திட்டத்தைச் சொன்னார். ஓலை வேய்வதற்குப் பத்து நாள் ஆள் கூலி, ஓலைக்கோ அலைச்சல். இந்த வருஷம் எல்லா அம்பாரத்துக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் ஷீட். ஒரே நாளில் மூடலாம், ஒரே நாளில் திறந்து கப்பலுக்கு அனுப்பலாம். முதற்கட்டம் என்ற பேச்சே கிடையாது, அந்த வரியையே நீக்குகிறோம் என்றார்.

ஷீட் வாடைக்காற்றுக்குத் தாங்குமா என்று யாருக்கும் தெரியாது. தாங்காவிட்டால் அறுபத்து மூன்று குடும்பத்தின் சோறும் கடலுக்குப் போகும். எல்லோரும் அண்ணாச்சியின் பேனாவையே பார்த்தார்கள்.

அண்ணாச்சி எழுந்து நின்றார். "ஐயா சொன்னா சரிதான். ஆனா ஒரு வரிய எடுக்கதும் புது மாத்தம்தான. அதையும் முதல்ல ஒரு பாத்தியில எடுத்துப் பாப்போம்" என்றார்.

ஒரு நொடி யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் வெள்ளத்துரை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ஞானதீபம் தன் சார்ட்டைப் பார்த்தார். செய்து பார்த்துப் படிக்க வேண்டும் என்று அதில் அவரே சிவப்பு மையில் எழுதியிருந்தார். வேறு வழியில்லாமல் அவரும் சிரித்துக் கைதட்டினார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

மறுநாளே ஜீப்பில் பேச்சியின் பாத்திக்கு மட்டும் ஷீட் வந்தது. பேச்சி அதற்குள் ஓலை வாங்கிக் கட்டுக் கட்டாக அம்பாரத்துக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தாள். ஓலை இருந்தால் சோதனை சுத்தமாக இருக்காது என்று சொல்லி அதைப் பக்கத்துப் பாத்திக்காரருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். பேச்சி நேரே ஆபீசுக்கு வந்தாள். "அண்ணாச்சி, மழையில இது போச்சுன்னா நான் எங்கன போவேன்?" என்று கேட்டாள். அண்ணாச்சி கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "சங்கம் பாத்துக்கிடும், நீ போ" என்றார். நானும் மிஷினில் பேப்பரைச் சொருகிக்கொண்டேன்.

ஐப்பசி கடைசியில் மூன்று நாள் விடாமல் அடித்தது. முதல் நாள் ஷீட் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் மேல் மடிப்பில் தண்ணீர் தேங்கிக் குளமாகி நின்றது. மூன்றாம் நாள் காற்று ஒரு முனையைப் பிய்த்தது, பிறகு முழுசையும் கொண்டுபோய்ச் சாலைக்கு அந்தப்பக்கம் கருவேலமரத்தில் மாட்டியது. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு நின்ற அம்பாரம், எழுநூறு மூடை உப்பு, சாப்பிட்டு ஒதுக்கிய சோற்றளவுக்கு மிஞ்சிக் கிடந்தது. பக்கத்தில் ஓலை வேய்ந்த அறுபத்திரண்டு அம்பாரத்துக்கும் ஒரு குறையும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் அண்ணாச்சிக்கு மாலை போட்டார்கள். அவர் மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் சங்கமே கரைந்திருக்கும் என்று வெள்ளத்துரை பேசினார். அது உண்மைதான். ஞானதீபமும் முகம் சுளிக்கவில்லை. நம் சங்கம் குறைந்த சேதத்தில் பெரிய பாடம் கற்றது என்று குறிப்பெழுதி என்னிடம் டைப் அடிக்கக் கொடுத்தார். வரும் வருஷம் இன்னும் கனமான ஷீட் வரவழைத்து, முதற்கட்டமாக ஒரு பாத்தியில் பார்க்கலாம் என்றார். இப்போது அவரே அந்த வரியைக் கற்றுக்கொண்டுவிட்டார். எல்லோரும் கை தூக்கினார்கள்.

வாசல் பக்கமிருந்து பேச்சி எழுந்தாள். அழவில்லை, சத்தம் போடவில்லை.

"சங்கம் நல்லாப் படிக்குது. பீஸ் மட்டும் நான் ஒருத்தியே கெட்டிக்கிட்டு இருக்கேன். இப்ப எழுதப்போறியளே, அது யாரு பாத்தி?"

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒருவர் வேட்டியில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டினார். இரண்டு வருஷமாக எத்தனை தீர்மானத்தில் ஒரு பாத்தி, ஒரு பாத்தி என்று அடித்திருக்கிறேன், அது யாருடையது என்று ஒரு தடவைகூட அடித்ததில்லை.

அண்ணாச்சி மாலையைக் கழற்றி மேஜையில் வைத்தார். புத்தகத்தைத் திறந்து தீர்மானத்தை எழுதினார். "முதற்கட்டமாக" என்று எழுதி, ஒரு பெயர் எழுதும் அளவுக்கு இடம் விட்டு, "அவர்களின் பாத்தியில்" என்று முடித்தார். சம்மதம் உள்ளவர் அந்த இடத்தில் தன் பெயரைத் தன் கையால் எழுதலாம் என்று சொல்லிப் புத்தகத்தை வெள்ளத்துரையிடம் கொடுத்தார். வெள்ளத்துரை கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். படித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். பத்து நிமிஷத்தில் அறுபது கையெழுத்து விழுகிற எங்கள் சங்கத்தில், அன்று புத்தகம் சுற்றி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. ஞானதீபம் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். புத்தகம் திரும்பி வந்தபோது அந்த இடம் வெறுமையாகவே இருந்தது.

அண்ணாச்சி அந்த இடத்தில் "இதுவரை பேச்சி" என்று எழுதினார். அதற்குக் கீழே, பெயர் எழுதாத அறுபத்திரண்டு பேரும் ஆளுக்கு ஐந்து மூடை உப்பைப் பேச்சிக்குக் கொடுப்பது என்று எழுதி வாசித்தார். முந்நூற்றுப் பத்து மூடை தேறியது. போனதில் பாதிகூட இல்லை. சிலர் அடிமண் கலந்த உப்பாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஞானதீபம் மாசியில் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவருக்கும் ஒரு திட்டம் இருந்தது. புத்தகம் சுற்றி வந்தது, இடம் வெறுமையாக இருந்தது, திட்டம் போய்விட்டது. வெளியூர்க்காரர்கள் எங்களை மந்தமான சங்கம் என்றார்கள். வன்னியபெருமாள் எழுபத்தொன்பதில் ரிடையர் ஆகும் வரை அதே மேஜையில்தான் இருந்தார். அவர் செய்தது நல்ல காரியம் என்று ஊர் சொன்னது. சங்கம் பாத்துக்கிடும் என்று அவர் தலை நிமிராமல் சொன்னதைக் கேட்டவர்கள் இரண்டு பேர்தான், நானும் பேச்சியும்.

பேச்சி அதற்குப் பிறகும் கூட்டத்துக்கு வந்தாள், மரியாதையாகப் பேசினாள், ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ரைட்டர் சார் என்பாள். ஒவ்வொரு தடவை அவள் அப்படிக் கூப்பிடும்போதும் வன்னியபெருமாள் எழுந்து நிற்பார்.